மூன்றாவது பகுதியைக் கேட்காமல் போனவர்கள்

தென்காசியில் அறுபது பேர் என் கண்ணெதிரே எழுந்து, கை தட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சாரலைப் பற்றியும் பரோட்டாவைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோபம் குறுக்கே வந்து நின்றுகொள்ளும்.

நான் சிங்கப்பூரில் பியானோ சொல்லிக்கொடுப்பவள். அவ்வப்போது மேடையிலும் வாசிப்பேன். சங்கரபாண்டியன் அண்ணாச்சி தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தபோது என் கச்சேரி ஒன்றைக் கேட்டார். தென்காசியில் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடி மேற்கத்திய இசை கேட்கிறார்களாம். குற்றாலம் சீசனுக்கு ஒரு தடவை வந்து வாசியுங்கள் என்று இரண்டு வருடம் விடாமல் கூப்பிட்டார்.

சரி என்று நான் சொன்னதற்குக் காரணம் சீசன் அல்ல. எட்டு மாதத்துக்கு முன்னால் என் தம்பி ரவி இறந்துபோனான். பேருந்து ஓட்டியவன். நெஞ்சு வலியோடு கடைசி நிறுத்தம்வரை ஓட்டி, எல்லாப் பயணிகளையும் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தான். இருபது வருடமாக என் கச்சேரிகளில் பக்கத்தில் நின்று தாள் திருப்பியவனும் அவன்தான். இசைக் குறிப்பு அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் தலையை ஆட்டுவேன், அவன் திருப்புவான். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

அவன் போனபிறகு ஒரு சொனாட்டாவை என்னால் வாசிக்க முடியவில்லை. அதில் மூன்று பகுதிகள். முதலாவது படபடவென்று ஓடும். நடுப்பகுதி சவ ஊர்வலத்தின் நடையில் பைய நகரும். மூன்றாவது சின்னது, வேகமானது, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். வீட்டில் வாசிக்க உட்கார்ந்தால் நடுப்பகுதியின் நாலாவது வரியில் கை நின்றுவிடும். என்னை யாருக்கும் தெரியாத ஊரில் அதை முழுதாக ஒரு தடவை வாசித்து முடித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அண்ணாச்சியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன். இந்த இரண்டாவது வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள். சாரல், சாரல் என்று எல்லோரும் சொல்ல, நான் தூறல் என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூர் மழைக்கு ஒரு நாணயம் உண்டு. வரும், கொட்டும், போய்விடும். தென்காசிச் சாரல் வெயிலடிக்கும்போதே மலைப்பக்கமிருந்து வந்து முகத்தில் தெளித்துவிட்டு, நானில்லை என்பதுபோல் போய்விடுகிறது. குடையை விரித்தால் காற்று குடையைத் திருப்பிவிடுகிறது. பெரிய கோயில் வாசலில் எதிர்க்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. இரண்டடி உள்ளே வைத்ததும் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. வா என்கிறதா, போ என்கிறதா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

தென்காசியில் பியானோ ஏது? செங்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில், சுவரோடு ஒட்டி நிற்கும் வகைப் பியானோ ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவரச் செய்யதுவின் லோடு ஆட்டோவை அமர்த்தியிருந்தார் அண்ணாச்சி. செய்யது அச்சன்புதூர்க்காரர். நாற்பதுக்குள் வயது. சவூதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் அவரைத் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு மாதமாக அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. நான் டிரைவர் என்றேன்.

கச்சேரிக்குப் பிடித்திருந்த கல்யாண மண்டபத்து வாசலில் வண்டி வந்து நின்றபோது பார்க்கிறேன், தார்ப்பாய்க்குள் பியானோவின் இரண்டு பக்கமும் நேந்திரன் வாழைத்தார்கள்.

“டிரைவர், இது பியானோ! வாழைக்காய் மண்டி சரக்கு இல்லை!” என்று கத்தினேன்.

“தெரியும்க்கா. ஆடாம இருக்கதுக்கு அண்டை குடுத்திருக்கேன். ரயில்வே கேட்டுல மேடு பள்ளம்லா? தார் இல்லன்னா பியானோ சாஞ்சிருக்கும்.”

அந்தத் தார்களை எப்படியும் தென்காசிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்பதை அண்ணாச்சி பிறகு மெல்லச் சொன்னார். கல்யாணமும் ஆச்சு, காதுகுத்தும் ஆச்சு.

செங்கோட்டை ஆசிரியரே வந்து சுருதி சேர்த்துக் கொடுத்தார். ஆனால் சாரல் ஈரத்தில் இடதுகைப் பக்கம் ஒரு கட்டை ஊறி, அமுக்கினால் எழும்பாமல் படுத்துக்கொண்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். செய்யது எட்டிப் பார்த்து, “உள்ள ஒரு குண்டு பல்பு எரியவிடுவோம்க்கா. கோழிக்குஞ்சுப் பொட்டிக்கு அப்படித்தான் சூடு காட்டுவோம்” என்றார். எங்கள் ஊரில் பியானோவுக்கு வெப்பமானி, ஈரமானி என்று தனிக் கருவிகள் உண்டு. அவற்றைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. தென்காசியில் கோழிக்குஞ்சு வைத்தியம். சாயங்காலத்துக்குள் கட்டை எழும்பியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மதியம் குற்றாலம் சாலையில் பரோட்டா. கோழிச் சால்னாவை அளவில்லாமல் ஊற்றினார்கள். வேண்டாம் என்று இலையின்மேல் கையை வைத்தால் கையின்மேலும் ஊற்றுவார்கள் போலிருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அருவில தண்ணி விழுதோ இல்லியோ, இங்கன பரோட்டா விழும்லே.” சாப்பாட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் இல்லாத ஒரே இடம் அதுதான்.

அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். ஆள் ஒல்லி, குரல் தடிமன். “கச்சேரி முடிஞ்ச மறுநா மத்தியானம் நம்ம வீட்டுல சொதி. இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், பாயசம் எல்லாம் உண்டு” என்றார். சொதி என்பது தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த குழம்பு. இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவார்களாம். நான் அன்றே மனசால் சாப்பிட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள். கல்யாண மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. மேடையில் போன முகூர்த்தத்து மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு நாற்காலிகள் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் பியானோ. சாரல் குளிரில் விரல்கள் விறைத்திருந்ததால், பின்னால் மணமகள் அறையில் உட்கார்ந்து வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே அண்ணாச்சி மைக்கில் ஏதோ நீளமாகப் பேசினார். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வரவேற்புரை, நன்றியுரை வகையறா என்று நினைத்தேன்.

முதல் பகுதியை வாசித்தேன். நடுவில் ஒரு கைபேசி பக்திப்பாட்டுப் பாடியது. ஒரு குழந்தை, “அம்மா, இந்த அத்தை ஏன் பெட்டிய அடிக்காக?” என்று கேட்டது. எங்கள் ஊர் அரங்கில் இருமல் வந்தால்கூட மிட்டாயை வாயில் போட்டு அடக்குவார்கள். போகட்டும். முதல் பகுதி முடிந்து, நான் கையை மடியில் வைத்த நொடியில் மண்டபமே கை தட்டியது. பகுதிகளுக்கு நடுவே தட்டக்கூடாது என்பது உலக வழக்கம். அதையும் பொறுத்துக்கொண்டேன். பார்த்தால், சிறப்பு விருந்தினர் மேடையேறி வருகிறார்! செங்கோட்டைக்கு ரயில் பிடிக்கப் போக வேண்டுமாம். ஒரு பொன்னாடையை விரித்து என் தோளில் போர்த்தி, என் பக்கம் பார்க்காமல் புகைப்படக்காரர் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சரிகைப் பொன்னாடையோடு யாராவது சவ ஊர்வலம் வாசிப்பார்களா? கழற்றி நாற்காலியின்மேல் போட்டேன்.

நடுப்பகுதி. முதல் வரி, இரண்டாவது வரி. நாலாவது வரியில் கை நிற்கவில்லை. நின்றுவிடுமோ என்ற பயத்தில் மூச்சை அடக்கி, அப்படியே தாண்டிப் போனேன். பக்கத்தின் அடியில் வந்ததும், இருபது வருடப் பழக்கம், தலையை ஆட்டினேன். தாள் திரும்பவில்லை. வலது பக்கம் ஒருவரும் இல்லை. அவசரமாக நானே திருப்பினேன். இடது கையில் இரண்டு ஸ்வரம் விழுந்துபோனது. அடுத்த பக்கத்திலும் ஆட்டினேன். பிறகும் ஆட்டினேன். புத்திக்குத் தெரிந்தது கழுத்துக்குத் தெரியவில்லை. எப்படியோ கடைசி வரிக்கு வந்து சேர்ந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. கைபேசி இல்லை, குழந்தை இல்லை. அடடா, கேட்டுவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்றாவது பகுதிக்குக் கையை எடுத்தேன். அப்போது நாற்காலிகள் நகரும் ஓசை.

முன்வரிசையில் கோமதி அக்கா எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது. பிறகு எல்லோரும். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக வரிசையாகப் போனார்கள். “இன்னும் இருக்கிறது!” என்று நான் சொன்னது முதல் வரிசைக்குக்கூட எட்டியிருக்காது. இரண்டு நிமிடத்தில் நானும், பியானோவும், சிவப்பு நாற்காலிகளும்தான் மிச்சம். அண்ணாச்சிகூடப் போய்விட்டார். என் கையிரண்டும் கட்டைகளின்மேல் அப்படியே இருந்தன.

சிங்கப்பூரில் எனக்குக் கை தட்டாத கூட்டம் உண்டு. தூங்கிய கூட்டம் உண்டு. எழுந்து போன கூட்டம் கிடையாது. விடுதிக்கு நடந்தே போனேன். வரவேற்பறையில் இருந்தவரும் கச்சேரிக்கு வந்திருந்தவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. காப்பி கேட்டேன். பாலில்லாத வரக்காப்பி வந்தது. பால் எங்கே என்றால், பதிலில்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறார். ஊரே சேர்ந்து என்னை ஒதுக்கிவைத்துவிட்டதாக முடிவு கட்டினேன். மறுநாளே கிளம்பிவிடுவது என்று பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

மூன்றாம் நாள். காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டினார்கள். திறந்தால் மூன்று பெண்களும் ஒரு பெரியவரும். முந்தின நாள் கச்சேரியில் பார்த்த முகங்கள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் கட்டில் ஓரத்திலும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கூரையைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பிறகு நால்வரும் எழுந்து, வரேன் என்று ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார்கள். ஒரு தூக்குச்சட்டியை மட்டும் மேசைமேல் வைத்திருந்தார்கள். அதில் வெறும் இட்லி. எட்டு மணிக்கு வேறு மூன்று பேர். அதே கையைப் பிடித்தல், அதே மௌனம், அதே போக்கு. இரண்டாவது தூக்குச்சட்டியைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டோ பிடித்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

வாசலில் செய்யதுவின் வண்டி நின்றது. பியானோவை எப்போது ஏற்றுவது என்று கேட்க வந்திருந்தார். மண்டபத்தில் சாயங்காலம் ஒரு வரவேற்பு இருந்ததாம். சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் வாசனை வரவில்லை. புளிக்குழம்பு வாசனைதான் வந்தது. அதுவும் என் கணக்கில் சேர்ந்துகொண்டது.

“சொதி எங்கே?” என்றேன். முதல் கேள்வியாக அதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அதுதான் முதலில் வந்தது. பிறகு வரிசையாக எல்லாம் வந்தது. பொன்னாடை, கைபேசி, வரக்காப்பி, இட்லி, எழுந்து போனது. “உங்கள் ஊரில் விருந்தாளியை இப்படித்தான் அவமானப்படுத்துவீர்களா? சொனாட்டாவில் மூன்று பகுதி அண்ணாச்சி! முக்கால்வாசியில் எழுந்து போக இது என்ன சர்க்கஸா?”

அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. “மூணாவது பகுதி ஒண்ணு இருக்குல்லா!” என்றார்.

“இருக்கிறது! நேற்றும் இருந்தது!”

“அதச் சொல்ல மறந்துட்டேம்மா. மொதப் பகுதி அவுக ரெண்டு பேரும் சின்னப் புள்ளையளா ஓடியாடுனது மாதிரி, ரெண்டாவது பகுதி தம்பி போனதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டே வந்தேன். அந்த எடத்துல எனக்கே தொண்டை அடச்சுட்டு. மைக்க வச்சுட்டு எறங்கிட்டேன். மூணாவது விட்டுப்போச்சு.”

“ரவியைப் பற்றி அவர்களிடம் சொன்னீர்களா?”

“சொன்னேன். பஸ்ஸ கடைசி ஸ்டாப்பு வர கொண்டுபோனது, தாள் திருப்புனது, எல்லாம் சொன்னேன்.”

“யாரிடமும் சொல்லக் கூடாது என்று உங்களிடம் சொன்னேன். சொன்னேனா இல்லையா? அது என் துக்கம். உங்கள் ஊருக்கு நான் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. யாரைக் கேட்டு அதை மைக்கில் சொன்னீர்கள்?”

தப்பு அவருடையது. அவருக்கும் அது தெரிந்தது. இன்றைக்கும் அதை நான் தப்பு என்றுதான் சொல்வேன். சமையலறை வாசலில் நின்ற கோமதி அக்காதான் பேசினார்.

“அவுகள ஏன் ஏசுதிய? மொதல்ல எந்திரிச்சவ நான். என்னய ஏசுங்க.”

“ஏன் எழுந்தீர்கள்?”

“நீங்க தலைய ஆட்டுனியள்லா? பக்கத்துல ஆளு நிக்குத மாதிரி. ஒரு தடவ ஆட்டுனிய, சரி. ரெண்டாவது தடவ ஆட்டுனிய. மூணாவது தடவயும் ஆட்டுதிய. அங்கன ஆளு இல்லன்னு எங்களுக்குத் தெரியுது, ஒங்க கழுத்துக்குத் தெரியல. அதுக்கு மேல எப்படி உக்காந்திருக்கது? அது கேத வீடும்மா. கேத வீட்டுல கை தட்டுவாகளா? போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா? சத்தமில்லாம எந்திரிச்சு வந்துர வேண்டியதுதான.”

கேதம் என்றால் இந்தப் பக்கத்தில் துக்கம். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் வருவது எங்களுக்கும் வழக்கம்தான். சிங்கப்பூரில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு உடலை வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போவார்கள். போயிட்டு வரேன் என்று சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு வர அழைப்பதாகும். ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாதா? தெரியும். கையைப் பிடித்தல், வரக்காப்பி, பக்கத்து வீட்டு இட்லி, சொதியில்லாத அடுப்பு, ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. கச்சேரி மேடையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. பியானோ வாசிக்கிறவளுக்கு யார் துக்கம் கேட்க வரப்போகிறார்கள் என்ற எண்ணம்.

ரவி போனபோது எனக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். தனிமை தேவை, புரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னால் கேட்பவர்கள். கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்றால் நிற்பார்கள். கூப்பிய கைப் படம் ஒன்றைக் கைபேசியில் அனுப்பிவிட்டு அத்தனை பேரும் கட்டுப்பட்டுவிட்டார்கள். ஒருவராவது அந்தச் செய்தியை மீறிக் கதவைத் தட்டியிருக்கலாம். எட்டு மாதமாக எனக்கு யார்மேல் கோபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எங்க சனத்துல கேதத்துக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்கது இல்லக்கா,” என்றார் வாசலில் நின்ற செய்யது. “ஆனா எல்லாரும் எந்திரிச்சாக, நானும் எந்திரிச்சேன். உக்காரத் தோணல.”

கோமதி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். “நேத்து நாங்க எல்லாரும் குளிச்சுட்டோம். பாதிப் பேரு ஐந்தருவிக்கே போயிட்டாக. நீங்க குளிச்சியளா?”

“விடுதியில் வெந்நீரில் குளித்தேன்.”

“அது அழுக்குக் குளி. இது வேற. எட்டு மாசமா நீங்க குளிக்கல. வாங்க.”

என் சம்மதத்தை அவர் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் இல்லைபோலும். செய்யதுவின் லோடு ஆட்டோவில், முன்னால் நானும் கோமதி அக்காவும் நெருக்கியடித்து உட்கார, குற்றாலம் போனோம். வழியெல்லாம் ரம்புட்டான் கடை, நேந்திரங்காய் வற்றல் கடை. ஒரு குரங்கு இறங்கி வந்து என் கைப்பையைத் தொட்டுப் பார்த்தது. நானும் இருந்த எரிச்சலில் அதை ஏசினேன். அது போய்விட்டது.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரித்தது. தலையில் எண்ணெய், இடுப்பில் குழந்தை, வாயில் சிரிப்பு. “ஏட்டி, தள்ளி நில்லுட்டி! நீ மட்டுமா காசுகுடுத்து பஸ்ஸு ஏறி வந்த?” என்று ஒரு பெண் இன்னொருத்தியைப் பிடித்து இழுத்தார். எங்கள் ஊரில் அருவிகூடக் கண்ணாடிக் கூரைக்குள், விமான நிலையத்தில் விழுகிறது. யாரும் அதில் நனைய மாட்டார்கள். நான் ஓரமாக நின்று கால் நனைப்பதாக உத்தேசித்தேன். கோமதி அக்கா என் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து அருவிக்குள் தள்ளிவிட்டார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

தண்ணீர் தலையில் விழவில்லை, மொத்தியது. மூச்சு நின்றது. சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். அருவிக்கடியில் எல்லோரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. நானும் கத்தினேன். ரவியை ஏசினேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பஸ்ஸை நிறுத்தியிருக்கக் கூடாதா, அந்தப் பயணிகள் என்ன உனக்கு மாமனா மச்சானா, மடையா, என் தலையாட்டலுக்கு மட்டும் சரியாகத் திருப்பத் தெரிந்ததே, இதைத் திருப்பத் தெரியவில்லையா என்று தொண்டை கிழிய ஏசினேன். கோமதி அக்கா என் கையை விடவில்லை. காவலர் விசில் ஊதி அடுத்த கூட்டத்துக்கு வழி விடச் சொன்னபோதுதான் வெளியே வந்தேன்.

துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டபடியே அக்கா கேட்டார்: “மூணாவது எப்படி இருக்கும்?”

“வேகமா இருக்கும். மூன்று நிமிடம்தான்.”

“அப்ப இன்னிக்கு மூணு மணிக்கு மண்டபத்துக்கு வந்துருங்க.” அதைச் சொல்லிவிட்டு அவர் கைபேசியை எடுத்தார். போன் செய்வதில் அவர் தலைமையாசிரியை. கேள்வி கேட்பதில்லை, ஆணைதான்.

மூன்று மணிக்கு மண்டபத்தில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். சமையல்காரர்கள் பின்னால் சாயங்கால வரவேற்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மைக்கைத் தொடவில்லை. தொட்டால் அடிப்பேன் என்பதுபோல் நான் பார்த்திருக்க வேண்டும். என் தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. தாளை எடுத்து வைத்தேன். வலது பக்கம் செய்யது வந்து நின்றார்.

“எனக்கு இது படிக்கத் தெரியாதுக்கா. நீங்க தலைய ஆட்டுங்க, நான் திருப்புதேன்.”

வாசித்தேன். பக்கத்தின் அடியில் தலையை ஆட்டினேன். தாள் திரும்பியது. கொஞ்சம் முந்தி, ஒரு விரல் ஈரத்தோடு, ஒரு மூலை மடங்கி, ஆனால் திரும்பியது. இரண்டாவது தடவை சரியான நேரத்தில் திரும்பியது. ஒரு ஸ்வரமும் விழவில்லை. குண்டு பல்பு வைத்தியம் பார்த்த கட்டை குறுக்கே நிற்கவில்லை. முடியும் முன்பே தட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைசி இரண்டு வரி அவர்கள் கைதட்டலுக்குள் போய்விட்டது. அது தப்பு. அதை அங்கேயே அவர்களிடம் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னும் தட்டினார்கள். முந்தின நாள் கேள்வி கேட்ட குழந்தை, “இதுதான் நல்லாருக்கு” என்றது.

பிறகு வாசலில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்த பெண் வந்தார். கூரையைப் பார்த்த பெரியவர் வந்தார். “போயிட்டு வாரோம்க்கா.” “போயிட்டு வாரேம்மா.” முப்பது தடவை. யாரும் ஒரு தடவையையும் விட்டுவிடவில்லை. நான் எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். கோமதி அக்கா கடைசியில் வந்து, “நாளைக்குச் சொதி. எங்கயும் போயிராதிய” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பியானோ ஏறியது. இந்தத் தடவை வாழைத்தார் இல்லை. அண்டைக்குச் சமையல்காரர்களிடமிருந்து இரண்டு அரிசி மூட்டை வாங்கியிருந்தார்கள். செய்யது தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனார். வாசல்வரை போன வண்டி நின்றது. கதவைத் திறந்து இறங்கி, சாரலில் நனைந்துகொண்டே என்னிடம் திரும்பி ஓடிவந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“சொல்லாமப் போயிட்டேன் பாருங்க,” என்றார். “போயிட்டு வாரேன்க்கா.”

“போயிட்டு வா தம்பி,” என்றேன்.